ஆடிக்கு முன்னால் ஏற்றிவிட்ட விமானம்

கவிதா, பிரபு, இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். கடையில் உங்களோடு உட்கார்ந்து விசா, பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பும் புதுப் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். நான் பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்தவன். கோர்வையாக வராது. வந்தவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பிரபு ஒன்று சொன்னான். "கல்யாணம் பண்ணி வெளிநாடு போறவங்களுக்கு அந்தக் கண்டிஷன் கார்டு ரெண்டு வருஷம் பத்தாது நைனா. அஞ்சு வருஷம் ஆக்கணும். அப்பதான் கார்டுக்காகப் பண்ற கள்ளக் கல்யாணம் குறையும்." நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அம்மா குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று எழுந்தேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

புதுப் பிள்ளைகளுக்காக முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் பையனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் போகிறாள். கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் அங்கே போய் இறங்கினால் அவளுக்கு நிபந்தனை போட்ட கார்டு. அது இரண்டு வருடம்தான் செல்லும். அது முடியும் சமயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, எங்கள் கல்யாணம் உண்மைதான், நிபந்தனையை எடுங்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு வருடம் முடிந்த பிறகு இறங்கினால் இந்த வம்பே இல்லை. நேராக நிரந்தரக் கார்டு. ஒரே நாள் வித்தியாசத்தில் தலையெழுத்து மாறும். லண்டன் பக்கம் போனால் ஐந்து வருடம் இப்படித் தொங்க வேண்டும். ஊருக்கு ஊர் கணக்கு வேறு. கயிறு ஒன்றுதான்.

நித்யாவின் ஃபைல் நம் கடைக்கு வந்தபோது கவிதா காலேஜில் இருந்தாள், பிரபு தரமணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். ஃபைலைக் கொண்டுவந்தவர் அவள் மாமனார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரோடே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். மகன் அமெரிக்காவில். நித்யா நங்கநல்லூர்ப் பெண், அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவணி மூன்றாம் தேதி கல்யாணம், பத்து நாளில் பையன் பறந்துவிட்டான். அதற்குப் பிறகு பெண் ஏறக்குறைய இரண்டு வருடம் இங்கே காகிதத்துக்காகக் காத்திருந்தாள். காத்திருந்த காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் விசா வந்தது. அண்ணாச்சி பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நித்யா பின்னால் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்தான், ஆனால் அவர் கையில் இருந்தது. அப்போது எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. நம் கடைக்கு வருகிற பாதிப் பெண்களின் பாஸ்போர்ட் வேறு யார் கையிலாவதுதான் இருக்கும்.

"நல்ல நாள் பார்த்தாச்சு. ஆடி பொறக்கதுக்குள்ள ஏத்தி விட்டுரணும். டிக்கெட்டப் போடுங்க சார்" என்றார்.

நான் சுவரில் இருந்த தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். ஆவணி மூன்று தாண்டினால் கல்யாணமாகி இரண்டு வருடம் நிறைந்துவிடும். விசாவுக்கு ஆறு மாதம் தவணை இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு மாசம் பொறுத்தா இன்னா? ஆடி போய் ஆவணில அனுப்புங்க. கண்டிஷன் இல்லாத கார்டா வந்துடும். இப்ப போனா ரெண்டு வருஷம் கண்டிஷன்ல கீறாப்ல ஆயிடும்" என்றேன்.

அவர் சிரித்தார். "கண்டிஷன் இருந்தா இருந்துட்டுப் போகுது. ரெண்டு வருஷம் அந்தப் புள்ள நம்ம பய கையெழுத்துக்குள்ள இருக்கும்லா? மருமவளுக்கு அது நல்லதுதான்."

நானும் சிரித்தேன்.

அதைத்தான் எழுத வந்தேன், பிள்ளைகளே. அவர் சொன்னதற்கு நான் சிரித்தேன். மூன்றடி தூரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். விசா அவளுடையது, போகிறவள் அவள், நிபந்தனை அவள் கழுத்துக்கு. அவள் பக்கம் திரும்பி, "நீ இன்னாம்மா சொல்றே?" என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர் வழக்கப்படி புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டில்தான் வைப்பார்கள். இன்னும் குடித்தனமே ஆரம்பிக்காதவள் புதுப்பெண் இல்லாமல் வேறு யார்? வழக்கத்தை வழக்கமாகப் பார்த்திருந்தால்கூட அவள் ஆவணியில்தான் போயிருப்பாள். அவருக்கு வேண்டிய பாதி வழக்கத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். நான் டிக்கெட் போட்டேன். ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது அவளை ஏற்றிவிட்டோம்.

அவள் போய் ஒன்றே முக்கால் வருடம் கழித்து, பங்குனியில் ஒரு மதியம் நித்யா தனியாகக் கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். பர்வீன் அக்காதான் அவளை அடையாளம் கண்டுகொண்டது. நம் கடையில் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்ட அதே பர்வீன்தான். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தது.

நடந்தது இது. நாத்தனார் வளைகாப்பு என்று சொல்லிப் புருஷன் அவளைச் சென்னைக்குக் கூட்டி வந்திருக்கிறான். நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று நங்கநல்லூரில் விட்டவன், தனியாக விமானம் ஏறிவிட்டான். அவள் கைப்பையைத் திறந்து பார்த்தால் பாஸ்போர்ட்டும் இல்லை, கார்டும் இல்லை. கார்டு முடிய இன்னும் மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது.

"போன் பண்ணினியாம்மா?"

"பண்ணினேன் சார். 'இவ்வளவு நாள் நீ எப்படி நடந்துக்கிட்டேன்னு யோசி, அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசலாம்'னார். போனதுலேர்ந்து இதே பேச்சுதான். ஃபிரிட்ஜ் மேல ஒரு காலண்டர் ஒட்டி வெச்சிருந்தார் சார். மாசம் முடிஞ்சா ஒரு கோடு போடுவார். நான் பார்க்கும்போதுதான் போடுவார். சண்டை வந்தா அதைத்தான் காட்டுவார், வாயால ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"கை நீட்டுவானா?"

அவள் போனைத் திறந்து இரண்டு படம் காட்டினாள். தோள்பட்டை ஒன்று, காது ஒன்று. பர்வீன் பார்த்துவிட்டு, "அல்லா, அந்தக் கை வெளங்குமா?" என்றது.

நான் அப்போது ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "இவ்ளோ பட்டும் எதுக்கும்மா திரும்பிப் போவணும்ன்றே? அம்மா அப்பாகூட இங்கேயே இருந்துடேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சார், அங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கறேன். அந்த ஊர்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வாங்கின வேலை. அது அவர் குடுத்தது இல்ல. நான் அவர்கிட்ட திரும்பிப் போறேன்னு சொல்லலையே. வேலைக்குப் போறேன்னுதான் சொல்றேன். அந்த நாடு அவரோட வீடா சார்?"

"சரிம்மா, இப்ப இன்னா வேணும்?" என்றேன்.

அவளுக்கு வேண்டியது நம்மிடம் இருந்த ஃபைல். கல்யாணப் பதிவுச் சான்று, பழைய பாஸ்போர்ட் நகல், விசா நகல், மனு நகல் எல்லாம் அதில் இருந்தன. புதுப் பாஸ்போர்ட் எடுக்கவும், தூதரகத்தில் திரும்பிப் போவதற்கான தாள் கேட்கவும் அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் அந்த ஃபைலில்.

இங்கே நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஃபைல் யார் கொண்டுவந்தாரோ அவருடையது. அட்டையில் அவர் பெயரைத்தான் எழுதுவோம், எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வோம். அதை நாணயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபைலை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் பெண் முன்னாலேயே போனை எடுத்து, "அண்ணாச்சி, உங்க மருமக வந்துகீது. ஃபைல் கேக்குது, குடுத்துடவா?" என்றேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். முகம் வெளிறிப் போனது. அதைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

பாத்திரக்கடை பத்து நிமிட நடைதான். அவர் ஐந்து நிமிடத்தில் வந்தார்.

"ஃபைல இப்படிக் குடுங்க சார், நான் கொண்டு போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "வீட்டு விஷயத்தக் கடை கடையாச் சொல்லிட்டுத் திரியுதியாக்கும்?"

"என் பாஸ்போர்ட்டக் குடுங்க மாமா. ஒரு கடைக்கும் போக மாட்டேன்."

"அவன்கிட்ட மன்னிப்புக் கேளு. அவன் கையெழுத்துப் போட்டா அமெரிக்கா. போடலைன்னா நங்கநல்லூர். அவ்வளவுதான்."

"நங்கநல்லூருக்கு என்ன மாமா குறைச்சல்? ஆஞ்சநேயர் அங்கதான் இருக்கார். அவர் யார் கையெழுத்தும் இல்லாமதான் கடலைத் தாண்டினார்."

பர்வீன் களுக்கென்று சிரித்துவிட்டது. அண்ணாச்சிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. மேஜைமேல் இருந்த ஃபைலை நோக்கிக் கையை நீட்டினார். நான் என் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன்.

அந்த நொடியில் பெரிதாக எதையும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. ஃபைலைத் திறந்தேன். முதல் தாள், இரண்டாவது தாள், மூன்றாவது தாள், எல்லாவற்றுக்கும் கீழே நித்யாவின் கையெழுத்து. அவர் பெயர் அட்டையில் மட்டும்தான் இருந்தது. அதுவும் நான் எழுதியது.

"அண்ணாச்சி, இது இவ போட்ட மனு. பக்கத்துக்குப் பக்கம் இவதான் கையெழுத்துப் போட்டுகீறா. நீங்க கொண்டாந்து குடுத்தீங்க, அவ்ளோதான். அட்டை வேணும்னா எடுத்துக்குங்க" என்று அட்டையைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினேன். "பர்வீன், மொத்தமும் ரெண்டு செட் காப்பி போடு. ஒரிஜினல அந்தப் பொண்ணு கைல குடுத்துடு."

"எவனக் கேட்டு எடுக்கீரு? உம்மள மாதிரி ஆளு எத்தன பேரப் பார்த்திருக்கேன்" என்று மிஷினை மறித்துக்கொண்டு நின்றார்.

பர்வீன் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "கொஞ்சம் ஒத்திக்கோங்க அண்ணாச்சி, மிஷின் சூடாவும். ஏற்கெனவே நீங்க ஒருத்தர் சூடா கீறீங்க" என்றது.

அவர் போகும்போது வாசலில் நின்று, "இந்த ரோட்டுல ஒரு பய உம்ம கடைப் படி ஏற மாட்டான்" என்றார். சிலர் நிஜமாகவே ஏறவில்லை. அந்த வருடம் கடை ஏன் படுத்தது என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள். இதுதான் காரணம்.

அவர் போன பிறகு நித்யாவிடம் நான் சொன்ன விஷயம்தான் எனக்குப் பெரிய வெட்கம். புருஷன் அடித்தாலோ, கல்யாணம் முறிந்தாலோ, அவன் கையெழுத்து இல்லாமலே பெண் தனியாக மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. நிபந்தனையை எடுக்கும் ஃபாரத்தின் விளக்கத்தாளிலேயே அச்சடித்திருக்கிறது. எனக்கு வருடக்கணக்காகத் தெரியும். ஒரே ஒரு பெண்ணுக்குக்கூட நான் அதைச் சொன்னதில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாகப் பேசுவானேன் என்று விட்டுவிடுவேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்காதே என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

"தனியாவே போடலாமா? அவர் இல்லாமயா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாம் தடவை அழுதாள்.

போலீசில் புகார், புதுப் பாஸ்போர்ட், தூதரகத்தில் திரும்பிப் போகும் தாள் என்று மூன்று மாதம் போயிற்று. கார்டு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவள் அங்கே போய் இறங்கினாள். லேப்பில் கூட வேலை பார்த்த ஒரு அம்மா வீட்டில் தங்கிக்கொண்டு தனியாக மனுப் போட்டாள். அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? கல்யாணம் உண்மை என்பதற்குச் சிரித்த படம் கொடு, அடித்தான் என்பதற்குக் காயப்பட்ட படம் கொடு. மாலையும் கழுத்துமாக இருந்த படத்தையும் அந்தக் காதுப் படத்தையும் ஒரே கவரில் வைத்து அனுப்பினாள். வெகுகாலம் இழுத்தடித்துக் கடைசியில் கார்டு வந்தது. "வந்துடுச்சு சார்" என்று ஒரு வரி அனுப்பினாள். ஆவணியில் விமானம் ஏறியிருந்தால் இந்தக் கவருக்கே வேலை இல்லை. ஃபிரிட்ஜில் அந்தக் காலண்டருக்கும் வேலை இருந்திருக்காது. ஒரே ஒரு ஆடி மாதம்.

இப்போது பிரபு, உன் ஐந்து வருடத்துக்கு வருகிறேன்.

கள்ளக் கல்யாணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் மேஜைக்கே வந்திருக்கிறது. அடையாறிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அவன் பல் தேய்க்கும் பிரஷ் என்ன நிறம், அவள் காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று விசா இன்டர்வியூவுக்காக ஒருவரை ஒருவர் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டே படி ஏறினார்கள். அவர்கள் முழுத் தவணையும் இருந்தார்கள், சேர்ந்து அழகாகக் கையெழுத்துப் போட்டார்கள், கார்டு வாங்கினார்கள், பிரிந்தார்கள். கடைக்கு ஸ்வீட் பாக்ஸ் வேறு வந்தது. பொய் சொல்கிறவனுக்கு இரண்டு வருடமும் ஒன்று, ஐந்து வருடமும் ஒன்று. ஒப்பந்தம் போட்டவன் பொறுமையாக இருப்பான், அவனுக்கு எங்கேயும் வலிக்காது. அடிபடுகிறவளுக்குத்தான் நாள் நீளம். நீ வருடத்தைக் கூட்டும்போது திருடனுக்குத் தண்டனை கூட்டுவதாக நினைக்கிறாய். அடிக்கிற கைக்குத் தவணை கூட்டித் தருகிறாய்.

அரசாங்கத்துக்குச் சந்தேகம் இருக்கலாம். சந்தேகப்படட்டும், வாசலில் நிறுத்தி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். அதற்குத்தானே இங்கே இரண்டு வருடம் காக்க வைக்கிறார்கள்? உள்ளே விட்ட பிறகு அவள் இருப்பு ஒருத்தன் பேனா முனையில் ஒரு நாள்கூடத் தொங்கக் கூடாது. என்னைக் கேட்டால் எத்தனை வருடம் என்பதற்கு என் பதில், ஒன்றும் வேண்டாம். இல்லை, வைத்தே தீருவோம் என்றால் ஒரு வருடம் போதும், முடிவில் அவள் ஒருத்தி கையெழுத்து போதும். அவன் எதற்கு? அவன் நாட்டில் அவனை யாராவது நிபந்தனையில் வைத்திருக்கிறார்களா? கல்யாணத்தில் இரண்டு பேர். ஒருத்தருக்கு மட்டும் பரீட்சை வைத்து, விடைத்தாள் திருத்தும் வேலையை இன்னொருத்தர் கையில் கொடுப்பது என்ன நியாயம்?

உங்களால் அந்தச் சட்டத்தை மாற்ற முடியாது. என்னாலும் முடியவில்லை. ஆனால் ஃபைல் வரும்போது பெண்ணை எதிர் நாற்காலியில் உட்கார வையுங்கள். கொண்டுவந்த பெரிய மனிதர் ஸ்டூலில் உட்காரட்டும், அவருக்கு இடுப்பு ஒடிந்துவிடாது. விமானத் தேதியை அவளிடம் கேளுங்கள். அந்த விளக்கத்தாளில் இருப்பதை அவள் முகத்தைப் பார்த்து, அவள் மாமனார் காதில் விழும்படி, தமிழில் சொல்லுங்கள். வந்தவர் எழுந்து போனால் போகட்டும். அபசகுனம் என்பார்கள். கடையில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைவிடப் பெரிய அபசகுனம் எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி வந்து கத்திவிட்டுப் போன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பாண்டி பஜார் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் அனுப்பிவைத்த பெண்களில் இன்னும் தவணை ஓடிக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதினேன். பெரும்பாலான மனுக்களில் மாப்பிள்ளை வீட்டு நம்பர்தான் இருந்தது. ஒரு சிலதில் மட்டும் பெண்ணின் சொந்த நம்பர். அதில் முதல் நம்பரைப் போட்டேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம்.

"யாரு?" என்றாள்.

தி.நகர் ஃபாரம் கடை என்றேன்.

"பேப்பர்ல ஏதாவது தப்பா சார்?" குரலில் பயம் இருந்தது.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீ எப்படிக் கீறே, அதக் கேக்கத்தான் போட்டேன்."

பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள். டிவி சத்தம் தூரமாகப் போனது. ஒரு கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுவது கேட்டது.

நான் போனை இறுக்கிக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.